துளிவண்டிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எங்கள் ஊரில் 'நன்றி நவிலல்' என்று தலைப்பிட்டு ஏதாவது வெளிவந்தால், யாரோ காலமாகி 31ஆம் நாள் ஆகிவிட்டது என்று பொருள். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததைப் பார்த்த அம்மா, "யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமலே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லோரும் நல்ல சுகம். இது ஒரு வண்டிக்காக எழுதும் நன்றி மடல்.

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வேலியோரம் நிற்கும் அந்த உருண்டை வண்டியைப் பலர் பார்த்திருப்பீர்கள். எட்டடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம். முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் படுத்துக் கிடப்பதுபோல இருக்கும். உள்ளே இருவர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்கதவை மேலே தூக்கினால் அதுவே கூரை, அதன் கீழே சமையல் மேடை. அமெரிக்காவில் 1930களிலிருந்தே சஞ்சிகைகளில் வந்த வரைபடங்களைப் பார்த்து வீட்டு முற்றங்களில் இப்படிப்பட்ட வண்டிகளைச் செய்து, காரின் பின்னால் கொழுவிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார்கள். நம் கடைகளில் விற்கும் பிளைவூட் பலகையும் எட்டுக்கு நான்கு அடிதான் என்பதால், அந்த வரைபடம் இங்கேயும் பொருந்திவிட்டது. பெயர்தான் இல்லை. நான் துளிவண்டி என்கிறேன். முதன்முதலாகத் தெருவில் இழுத்துவந்த மாலை, நான்காவது வீட்டு அக்கா சில்லறையோடு ஓடிவந்து இரண்டு பணிஸ் கேட்டார். பாண் வண்டி என்று நினைத்துவிட்டாராம்.

யோசனை பிறந்தது 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில், டீசல் வரிசையில். இரண்டு இரவுகள் என் டீசல் வானுக்குள்ளேயே நித்திரை கொண்டேன். இடுப்பு கழன்றுபோனது, ஆனாலும் கடற்காற்றில் நான்கு சக்கரங்களுக்கு மேலே படுத்துக் கிடப்பதில் ஒரு சுகம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் இரண்டு விடியலிலும் தன் போத்தலிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. முதல் நன்றி அவருக்கு.

"நீங்களே செய்ததா?" என்று வழியில் கேட்பவர்களுக்கு "ஆம்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். பாடசாலையில் வரலாறு கற்பிக்கும் ஒருவன் இப்படி வரலாற்றைத் திரிக்கக் கூடாது. நான் செய்தவை பெரும்பாலும் பிழைகள். அவற்றைக் கண்டுபிடித்து, ஏசி, திருத்தித் தந்தவர்கள்தான் வண்டியைச் செய்தவர்கள். பெயரைப் போட்டால் இனி வீட்டுப் படியேற மாட்டேன் என்று மரவேலை செய்யும் ஓடாவியார் எச்சரித்திருப்பதால், யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. அவரவருக்குத் தம்மைத் தெரியும்.

ஓடாவியார் திருக்கடலூர்க்காரர். வள்ளம் கட்டும் பரம்பரை. ஒரு கடையில் கடற்பாவனைக்கு ஏற்றது என்று சொல்லித் தந்த பலகையைப் பெருமையாகக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் தட்டிப் பார்க்கவில்லை, மோந்தும் பார்க்கவில்லை. மூலையிலிருந்து உள்ளங்கையளவு துண்டை அறுத்தெடுத்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பானைக்குள் போட்டுவிட்டு வெற்றிலை போடத் தொடங்கினார். அது அவருடைய மனைவி சோற்றுக்காக வைத்த உலை. அந்த அம்மா பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஒரு மணி நேரம் கழித்து அகப்பையால் துண்டை எடுத்தபோது, அது பழைய புத்தகம்போல ஏடு ஏடாக விரிந்து கிடந்தது. "இதிலே படுக்கப் போகிறாயா, படிக்கப் போகிறாயா?" என்று கேட்டார். அவர் காட்டிய இடத்தில் வாங்கிய அடுத்த பலகை, இரண்டு தடவை அவித்தும் பிரியவில்லை. விலையைக் கேட்டு நான்தான் கொஞ்சம் பிரிந்துபோனேன்.

வளைவை வரைந்தவரும் அவர்தான். கணினியில் கணக்குப் போட்டு நான் கொண்டுபோன தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பலகையில் ஏழெட்டு ஆணிகளை அரைகுறையாக அடித்து, அவற்றைச் சுற்றி ஒரு மெல்லிய சிலாகையை வளைத்துப் பிடித்தார். ஓர் ஆணியைப் பிடுங்கி அரை விரல் தள்ளி அடித்தார், தூரப்போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார், மறுபடி தள்ளினார். பிறகு என் கையில் பென்சிலைத் தந்து கோட்டை இழுக்கச் சொன்னார். வண்டியைப் பார்ப்பவர்கள் கைவைத்துத் தடவுவது அந்தக் கோட்டைத்தான்.

கிண்ணியா நானாவுக்கு உழவு இயந்திரப் பெட்டிகள் செய்து பழக்கம். வண்டியின் அடிச்சட்டத்தை அவர் ஒட்டித் தந்த வலிமைக்கு அதில் நெல்மூட்டையே ஏற்றலாம். அதுதான் சிக்கலும். அவர் போட்ட பட்டை ஸ்பிரிங்கில் ஏழு தகடுகள். என் வண்டியின் பாரத்துக்கு அது அசையவே இல்லை. பள்ளத்தில் விழுந்தால் வண்டி முழுவதும் தவளைபோலத் துள்ளியது. ஒரு டசின் முட்டையுடன் புறப்பட்டு, இரண்டுடன் திரும்பினோம். நானா கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, நான்கு தகடுகளைக் கழற்றினார். அதற்குக் கூலி வாங்கவில்லை. கழற்றுவதற்கு யார் காசு வாங்குவார் என்றார்.

மேல்தோலுக்குக் கண்ணாடியிழை போடலாம் என்றவர்கள் கரையில் பைபர் போட்டுகளுக்கு ஒட்டுப்போடும் இரு சகோதரர்கள். பலகையின் வெட்டுமுகம்தான் தண்ணீர் குடிக்கும் வாய், முதலில் அதற்கு ரெசின் பசையைப் பருக்கு என்று கற்றுத் தந்தார்கள். விடியற்காலையில் மட்டும் வேலை செய், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கு என்றும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதம், நண்பகல், ஒரு பெரிய சிரட்டை நிறைய ரெசினும் கடினமாக்கியும் கலந்தேன். தூரிகையை இரண்டு முறை தோய்த்திருப்பேன். மூன்றாம் முறை அது வெளியே வரவில்லை. சிரட்டை கையைச் சுட்டது, பிறகு புகைந்தது. மண்ணில் போட்டுவிட்டுப் பார்த்தால், உள்ளே தூரிகை நட்ட மரம்போல நிமிர்ந்து நின்றது. மறுநாள் காலை ஐந்தரைக்கு அழைக்காமலே வந்து நின்ற அந்தச் சகோதரர்கள், ஒன்றும் பேசாமல் வேலையைத் தொடங்கினார்கள். சிரட்டையையும் தூரிகையையும் இன்னும் தங்கள் போட்டுக்குள் வைத்திருக்கிறார்கள், வருகிறவர்களுக்குக் காட்ட.

இனி, எங்களை உயிரோடு வைத்திருப்பவர். சமையல் மேடை பின்னால் என்பதால் மின்கலம், தண்ணீர்க் கலன், அடுப்பு, சட்டி பானை எல்லாவற்றையும் பின்னாலேயே அடுக்கியிருந்தேன். நிலாவெளி தாண்டி, இறக்கக்கண்டிப் பாலத்தைக் கடந்து குச்சவெளிப் பக்கம் போகும்போது ஒரு பஸ் எங்களை முந்தியது. அந்தக் காற்று அடித்ததும் வண்டி வாலாட்டத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு வானையும் சேர்த்து இழுத்தது. மகள் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள்: இடது, வலது, இடது. எப்படியோ ஓரங்கட்டினேன். தேநீர்க் கடையில் நின்ற கந்தளாய் லொறிச் சாரதி ஒருவர் வந்தார். சிங்களமும் தமிழுமாகக் கலந்து பேசினார். வண்டியின் இழுவைக் கம்பியை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டி, "மாத்தயா, மூக்கு இவ்வளவு லேசாக இருக்கக் கூடாது" என்றார். ஆடும்போது பிரேக்கை அமத்தாதே, காலை எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி என்றும் சொன்னார். நான் செய்தது நேர்மாறு.

எதிர்வீட்டு மருந்தகக்காரர் ஆட்களை நிறுக்கும் தராசைத் தந்தார். தம்பலகாமத்து ஆலைக்காரர் நெல் நிறுக்கும் தராசில் வண்டியை ஏற்றவிட்டார். மொத்தம் 310 கிலோ. மூக்கில் அழுத்தியது வெறும் 14 கிலோ. மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம், அதாவது குறைந்தது 31 கிலோ அங்கே இருக்க வேண்டும். நானா மறுபடி வந்து அச்சை நான்கு அங்குலம் பின்னுக்குத் தள்ளி ஒட்டினார். 20 கிலோ மின்கலம் முன்பெட்டிக்குப் போனது. இப்போது 42 கிலோ. பஸ் முந்தினால் வண்டி தலையைக்கூடத் திருப்பாது.

விளக்குக் கதை சிறியது. சிக்னல் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து கண்ணடித்தது. மூன்று பல்புகளை மாற்றிப் பார்த்தேன். சிவன் கோவிலடியில் ஆட்டோக்களுக்கு வயரிங் செய்யும் தம்பி, வானையும் வண்டியையும் கொழுவும் இணைப்புக் குண்டில் இருந்த கிறீஸையும் துருவையும் விரலால் தொட்டுக் காட்டி, மின்சாரம் திரும்பிப் போகிற உங்கள் எர்த் இதற்குள்ளேதான் சிக்கிக் கிடக்கிறது என்றார். வானிலிருந்து தனி எர்த் வயர் ஒன்று இழுத்தார். பத்து நிமிட வேலை. பதிவு, இலக்கத் தகடு அலைச்சலில் படிவங்களை நிரப்பித் தந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஐயாவுக்கும் இங்கேயே நன்றி. அந்த அலைச்சலை மறுபடி நினைக்க விருப்பமில்லை.

கார்த்திகை மாரியில் பின்கதவுக் கீல் வழியாகத் தண்ணீர் வந்தது. நான் சிலிக்கன் பூசினேன், மறுபடி பூசினேன், பூச்சு பிணிக்கட்டுப்போல ஆனது. பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "பீலி இல்லாத கூரையை எந்த ஊரில் கண்டாய், தம்பி?" என்று கேட்டார். கீலுக்குக் கீழே டயர் டியூப்பில் ஒரு பட்டி, அதன் கீழே இருபுறமும் வடிகிற சின்னப் பீலி. ஒழுக்கு நின்றது.

ஆனாலும் விடியலில் கூரையின் உட்பக்கம் சொட்டியது. மறுபடியும் ஒழுக்கு என்று சிலிக்கனை எடுத்தவனைத் தடுத்தவர் எங்கள் விஞ்ஞான ஆசிரியை. மழையே பெய்யாத இரவில் ஒழுகுமா, அது நீங்கள் இருவரும் விட்ட மூச்சு என்றார். மேலே ஒரு துவாரம், பழைய கணினியின் விசிறி, இரு பக்கமும் நுளம்பு வலை போட்ட சாளரம். அதோடு தீர்ந்தது.

கடைசியாக மனைவி. தட்டுகளை நான் அழகுக்காக அமைத்திருந்தேன். பானைக்கு மேலே நீற்றுப்பெட்டியை வைத்தால் மேல்தட்டில் இடித்தது. புட்டு அவிக்க முடியாத குசினியில் தனக்கு வேலையில்லை என்று சொல்லிவிட்டாள். தட்டு மூன்று அங்குலம் மேலே போனது. எரிவாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் கீழேதான் தங்கும் என்பதால், சிலிண்டரைப் படுக்கைப் பக்கம் வைக்க விடாமல் வெளிப்பெட்டியில் வைக்கச் செய்து, அதன் அடியில் துளை போடவைத்தவளும் அவள்தான். காற்று அடுப்பை அணைத்தபோது பழைய சேலையைக் கிழித்து இருபக்கத் திரை தைத்தாள். அந்தச் சேலை எந்தச் சேலை என்று அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு மாலை வண்டி எங்கள் முற்றத்தில், பின்கதவு திறந்தபடி நிற்கும். புட்டும் மீன் குழம்பும் இருக்கும். பணிஸ் கேட்ட அக்காவுக்கு மட்டும் பணிஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
துளிவண்டிக்காரன்
உப்புவெளி, திருகோணமலை

பி.கு.: நானா, உங்கள் வண்டி தூக்கும் ஜக் இன்னும் என் கொட்டிலில்தான் இருக்கிறது. ஞாயிறு வரும்போது எடுத்துக்கொண்டு போங்கள். அப்படியே வலப்பக்கக் கதவையும் ஒரு தடவை பாருங்கள், திறக்கும்போது முனகுகிறது.