வண்ணமெல்லாம் அப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் அலுவலக உள் இணையதளத்தில் ஓர் அறிவிப்பைத் திருத்த வேண்டுமென்றால், பக்கத்தின் கணினிக் குறியீடுகளில் வரும் கோண அடைப்புக்குறிகளுக்கு (< >) நடுவே தமிழைத் தேடிப் பிடிக்க வேண்டும். சாரல் காலத்தில் கரண்ட் போனால் அடித்ததெல்லாம் போச்சு. தானே சேமிக்கும் வசதி கிடையாது. ‘வெளியிடு’ பொத்தானும் ‘அழி’ பொத்தானும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. யார் யோசனையோ!

பக்கத்தைப் பார்த்தபடியே திருத்தும் கருவியை விக்கிப்பீடியா 2013-லேயே கொண்டுவந்துவிட்டது. எங்கள் தளத்தின் வடிவமைப்பாளர்களும் ஒரு நாள் எங்கள் மேசையருகே உட்கார்ந்து, நாங்கள் தட்டச்சு செய்வதைப் பார்க்கட்டும். தானியங்கிச் சேமிப்பு, பழைய பதிப்பை மீட்கும் வழி, இரண்டும் முதலில் வரட்டும். வண்ணம், படமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு கணக்கர்,
அம்பாசமுத்திரம்.