புதிய டி.பி. தடுப்பூசியை நம் ஊரிலும் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காசநோய்க்கான புதிய தடுப்பூசிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எம்72 தடுப்பூசி தென்னாப்பிரிக்கா, கென்யா, ஜாம்பியா நாடுகளில், ஏற்கெனவே கிருமி தொற்றியும் நோய் வராதிருந்த பெரியவர்களுக்கு நோய் வருவதை மூன்று ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்திருக்கிறது. 1921இல் வந்த பி.சி.ஜி. தடுப்பூசி ஒன்றையே வைத்துக் காலம் தள்ளிவரும் நமக்கு இது பெரிய செய்திதான். ஆனால் அங்கே பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் திருவள்ளூர்ப் பக்கமே இதற்குச் சாட்சி. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பி.சி.ஜி. போட்டுப் பார்த்தபோது முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு கிடைத்தது. அதே ஊசியை 1968 முதல், எங்கள் பகுதியும் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் சோதித்தார்கள். சுமார் 2.6 லட்சம் பேர். சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு வெறும் திரவம். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது. அப்புறம் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று பதினைந்து ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கவே இல்லை. நம் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள வேறு வகை மைக்கோபாக்டீரியாக்கள் (டி.பி. கிருமியின் உறவுக் கிருமிகள்) உடலை முன்பே பழக்கிவிடுவது காரணமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

இதைப் படித்துவிட்டு, பிறந்த குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் டி.பி.யிலிருந்து பி.சி.ஜி. நன்றாகவே காக்கிறது. இடது தோளில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, தழும்பாவது இயல்பு. தாய்மார்கள் அதைப் பார்த்துப் பயந்து மஞ்சள் பூசக் கூடாது.

எம்72-க்கு 2024இல் தொடங்கிய மூன்றாம் கட்டச் சோதனையில் சுமார் 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டார்கள். ஆப்பிரிக்க நாடுகள் இருக்கின்றன, இந்தோனேசியா இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் வாழும் இந்தியா இல்லை. வி.பி.எம்.1002 போன்ற வேறு தடுப்பூசிகள் இங்கே சோதிக்கப்பட்டிருக்கின்றன, சரி. அவற்றின் முடிவு எம்72-க்குப் பொருந்தாதே.

அங்கே முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் மேலும் பல ஆண்டுகள் வீணாகும். சென்னை சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. லட்சக்கணக்கானவர்களைப் பின்தொடர்ந்த அனுபவமும் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு சோதனையை உடனே தொடங்க மத்திய, மாநில அரசுகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், திருவள்ளூர்