பூக்கிறதெல்லாம் நம்ம ஊர்ப் பூ இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் வழியில் காட்டோரமாகப் பூத்துக் கிடக்கும் உண்ணிச்செடியைப் பார்த்துப் பலர் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அழகுதான், ஆனால் அது அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்து அலங்காரத்துக்குக் கொண்டுவந்த செடி, பழத்தைப் பறவைகள் தின்று விதையைக் கொண்டுபோய்ப் போட, காடு முழுக்கப் பரவிவிட்டது. அதன் அடியில் புல் முளைப்பதில்லை, அப்புறம் மாடும் யானையும் எதைத் தின்னும்? பார்த்தீனியம் என்கிற அயல்நாட்டுக் களைச்செடி நம் நாட்டில் 1950களில் புனே பக்கம் கண்டறியப்பட்டது, இன்று அது இல்லாத வயல் வரப்பே இல்லை, தொட்டால் சிலருக்கு அரிப்பு வேறு. சரி, காயத்துக்குக் கசக்கிப் பூசும் வெட்டுக்காயப் பூண்டுகூட நடு அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், அதனோடு யாருக்கும் சண்டை இல்லை.

எனக்குக் கவலை, இப்போது நர்சரிகளில் வாங்கி வேலியில் விடும் கொடிகள். மெக்சிகோவிலிருந்து வந்த, இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் கொடிரோஜா வேலி தாண்டினால் புதர் மரமெல்லாம் ஏறி மூடிவிடும். எந்தச் செடி எந்த ஊரில் தோட்டத்தைவிட்டு வெளியேறியிருக்கிறது என்று தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரித் தாவரவியல் மாணவர்களை வைத்து வனத்துறை ஒரு பதிவேடு தொடங்கலாமே. உங்கள் நாளிதழும் இதை எழுதுங்கள்.

– ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை