பழைய மில் அணைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் தருகிறீர்கள். என் ஆங்கிலத்துக்கு அது 'நன்றி', 'மன்னிக்கவும்' சொல்லவே சரியாகிவிடுகிறது. அதனால் எனக்குக் கோபம் வருகிற மொழியிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்ப்பை என் மகள் அனுப்பிவைப்பாள்.

பழைய மில் அணையை எடுப்பதா, வைத்திருப்பதா என்ற முடிவை மறுபடியும் தள்ளிப் போட்டுவிட்டீர்கள். முன்கதை உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: ஆற்றின் குறுக்கே நிற்கும் அந்தக் கல்சுவரை எடுத்துவிடுங்கள். மில் கட்டடமும் மதகும் நீர்ச்சக்கரக் குழியும் அப்படியே இருக்கட்டும்.

வசந்தத்தில் ஹெர்ரிங் மீன்களை எண்ணப் போகும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். கையில் அழுத்த அழுத்த எண்ணும் ஒரு கிளிக்கர், பத்து நிமிட வேலை. கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் மீன்கள் சுவரடியில் கறுப்பாகத் திரண்டு நிற்கும். ஒன்று நீரை எதிர்த்து முட்டும், கல்லில் மோதி மல்லாந்து புரளும், நீர்க்காகம் கொத்திக்கொண்டு போகும். நான் எண்ண வேண்டியது பக்கத்து மீன் ஏணியில், அதாவது மீன்கள் அணையைத் தாண்டப் படிபடியாகக் கட்டிய நீர்வழியில், ஏறுபவற்றை மட்டும். போன சனிக்கிழமை என் கணக்கு 4. கீழே நின்றவற்றை எழுதப் படிவத்தில் கட்டமே இல்லை.

இதே இடத்தில்தான் போன மாதம் ஒரு பையனின் கயாக் என்கிற சிறு துடுப்புப் படகு கவிழ்ந்தது. மேலிருந்து பார்த்தால் இடுப்பளவு அருவிதான். ஆனால் விழுந்த நீர் சுருண்டு திரும்பி, ஆளைச் சுவரை நோக்கியே இழுக்கும். கரையில் ஒருவரிடம் கயிறு இருந்ததால் பையன் பிழைத்தான். நீங்கள் அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகை வைத்தீர்கள். நல்ல பலகை, எழுத்தும் அழகு.

பழைய அணை தானாகப் போனால் என்ன ஆகும் என்பதை நம் மாசசூசெட்ஸிலேயே பார்த்தோம். 2005 அக்டோபர் மழையில் டான்டன் நகரில் ஒரு மர அணை நெளிந்தது. சுமார் 2,000 பேரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். மேய்ன் மாநிலத்தில், ஆகஸ்டா நகரத்து எட்வர்ட்ஸ் அணை 1837-இல் கட்டியது. 1999 ஜூலையில் அதைத் திட்டமிட்டு உடைத்தார்கள். கென்னபெக் ஆற்றில் 17 மைல் திறந்தது, மீன்கள் திரும்பி வந்தன.

'இந்த அணை நம் வரலாறு, எடுக்கக் கூடாது' என்கிறீர்கள். நான் தஞ்சாவூர்க்காரன், பழைய அணை என்றால் எனக்கும் கை தானாகக் கூப்பும். ஆனால் கல்லணை இன்றும் வயலுக்குத் தண்ணீர் பிரித்துவிடுகிறது. உங்கள் அணை கடைசியாக எதை ஓட்டியது? இப்போது வாத்துகளுக்கும் கல்யாணப் போட்டோக்காரர்களுக்கும்தான் உதவுகிறது. ஹெர்ரிங் பிடிக்க 2006-இல் மாநிலமே தடை போட்டது. பிடிக்கவும் கூடாது, வீட்டுக்குப் போகவும் கூடாது போலிருக்கிறது!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். சேற்றில் பழைய சாயக் கழிவு இருக்குமோ என்ற உங்கள் கவலை நியாயம்தான். சோதித்து, அள்ளி அப்புறப்படுத்திவிட்டே சுவரைத் தொடுங்கள். அதற்கு எத்தனை மாதம் ஆனாலும் சரி, தேதியை மட்டும் சொல்லிவிடுங்கள். சுவரை எடுங்கள், மற்றதை வையுங்கள் என்று தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் முறை. உங்களில் ஒருவராவது வாருங்கள். கூடுதலாக ஒரு கிளிக்கர் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
அணைக்குக் கீழே குடியிருப்பவன்