எங்கள் ஊர் எந்த பீட்டில் இருக்கிறது? வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்நாடு வனத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் பக்கம், பழனி மலையின் மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். முப்பது சென்ட் நிலத்தில் பூண்டும் கொஞ்சம் கேரட்டும் போடுகிறோம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மலைப்பூண்டுதான். அதை வடுகபட்டி சந்தைக்கு இறக்கினால்தான் எங்கள் வீட்டில் அந்தப் போகத்துக் கடன் அடையும்.

போன போகத்தில், பூண்டு பிடுங்க மூன்று வாரம் இருக்கும்போது, ராத்திரி காட்டுமாடுகள் இறங்கிவிட்டன. காலையில் போய்ப் பார்த்தால் கேரட் பாத்தி மொட்டையாகக் கிடந்தது. பூண்டை அவை தின்னவில்லை, மிதித்துப் போட்டிருந்தன. ஒவ்வொரு குளம்புத் தடத்திலும் தண்ணீர் ஊறி நின்றது. அதற்குள் நசுங்கிய பூண்டு வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. அம்மா அந்தக் குழிகளுக்குள் கையை விட்டுத் தேறுவதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இழப்பீடு உண்டு என்று தெரியும். யாரிடம் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. சிட்டா, அடங்கல், போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை, அங்கே இருந்தவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. "ஓடைக்கு இந்தப் பக்கம்தான் எங்கள் சரகம், உங்கள் நிலம் அந்தப் பக்கம்" என்றார்கள். மறுநாள் இன்னொரு பஸ், இன்னொரு அலுவலகம். மனுவை வாங்கிக்கொண்டார்கள், ரசீது தரவில்லை. நான்காம் நாள் வனக்காப்பாளர் வந்தார். தங்கமான மனிதர், வெகுதூரம் நடந்தே வந்திருந்தார். அதற்குள் இரண்டு மழை பெய்து தடமெல்லாம் கரைந்துவிட்டது. "அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனே" என்று அவரே வருத்தப்பட்டார். எங்கள் ஊர் அவருடைய பீட்டில்தான், அதாவது அவர் காவல் பார்க்கும் எல்லைக்குள்தான், இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அப்புறம்தான் துறையின் அமைப்பைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சென்னையில் முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர். அவருக்குக் கீழே மண்டலம், கோட்டம், சரகம், பிரிவு, கடைசியில் பீட். வேட்டைத் தடுப்புக் காவலர் முதல் மாவட்ட வன அலுவலர் வரை ஒவ்வொருவருக்கும் எல்லை எது, வேலை எது என்று தெளிவாக இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது 1856இல் சென்னை மாகாணத்தில் தொடங்கி, 1882 வனச் சட்டத்தோடு வளர்ந்த ஏற்பாடு. மரத்தைக் காப்பதற்காகப் போட்ட கோடுகள் அவை. ஓடையும் மலைமுகடும் எல்லையானது அதனால்தான். பூண்டுக்காட்டில் நின்றுகொண்டு உதவி கேட்கிறவரை மனதில் வைத்து அந்தக் கோடுகளை யாரும் போடவில்லை.

இன்றைக்கு உங்கள் வேலை அன்றைக்குப் போல இல்லை. 2013இல் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு இங்கே வனவிலங்கு சரணாலயமானது. காட்டுத்தீ, பேரிஜம் ஏரிக்குப் போகும் வண்டிகளுக்கு அனுமதி, ஒரு காலத்தில் நட்டுவிட்டு இப்போது அகற்ற வேண்டியிருக்கும் சீகை (வாட்டில்) மரங்கள் எல்லாம் உங்கள் தலையில்தான். அந்தச் சீகை, புல்வெளிகளின் பெரும்பகுதியை மூடிவிட்டது. மேய்ச்சல் நிலத்தை இழந்த காட்டுமாடு எங்கே போகும்? அதையும் நாங்கள் புரிந்துகொள்கிறோம். காட்டுமாட்டைக் கொல்ல வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது ஒரு பலகை. ஊர் நடுவில், ரேஷன் கடைச் சுவரில். இந்த ஊர் எந்தக் கோட்டம், எந்தச் சரகம், எந்த பீட் என்று தமிழில் பெரிதாக எழுத வேண்டும். ஆள் மாறினாலும் மாறாத அலுவலக நம்பர் ஒன்று வேண்டும். இடமாற்றம் வந்தால் பழைய வனக்காப்பாளர் தன் செல்போனோடு போய்விடுகிறார், எங்களுக்கு மறுபடி யாரையும் தெரியாமல் போகிறது. பயிர்ச் சேதத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும், கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் போக வேண்டுமா வனவரிடமா, எத்தனை நாளில் பதில் வரும் என்பதும் அதில் இருக்கட்டும். மனு கொடுத்தால் தேதி போட்ட ரசீது.

இது சலுகை இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆவது பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் அமைப்பு முறையையும் பணிகளையும் அலுவலர்களின் அதிகாரங்களையும் யாரும் கேட்காமல் தானே வெளியிட வேண்டும் என்கிறது. உள்ளூர் மொழியைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அறிவிப்புப் பலகையையும் ஒரு வழியாகச் சொல்கிறது. இணையத்தில் போட்டாயிற்று என்றால், மேகம் இறங்கினால் சிக்னல் போய்விடும் ஊரில், போட்டோவே எடுக்கத் தெரியாத என் பெரியப்பா அதை எப்படிப் பார்ப்பார்?

மே 1 அன்று எங்கள் ஊரில் கிராமசபை கூடுகிறது. உங்கள் சரகத்திலிருந்து ஒருவர் வாருங்கள். பலகைக்குத் தகரமும் பெயின்ட்டும் நாங்கள் வாங்கி வைக்கிறோம், எழுதவும் ஊரில் ஆள் இருக்கிறது. அதில் எழுத வேண்டியதை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
மேல்மலைப் பூண்டு விவசாயி ஒருவர்