அங்காரா கரையில் நிற்கிறவர்

பாளையங்கோட்டை
கார்த்திகை 4

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று நாளாக விட்டுவிட்டு மழை. தாமிரபரணியில் செந்தண்ணீர் வந்து குறுக்குத்துறை முருகன் கோயில் மண்டபம் முங்கிவிட்டதாம். அப்பா குடையைத் தூக்கிக்கொண்டு பார்க்கப் போயிருக்கிறார்கள்.

நீ சைபீரியாவில் இர்குத்ஸ்க் ஊரிலிருந்து, அங்காரா ஆற்றங்கரையில் எடுத்து அனுப்பிய சிலைப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோள் முழுக்கப் பனி அப்பியிருக்கிறது. "யாரும்மா இவரு? இவரை மாதிரி ஒரு மிலிட்டரிக்காரன் வந்தாத்தான் நாடு உருப்படும்னு கூடப் படிக்கிற பையன் சொல்லுதான்" என்று கேட்டிருந்தாய். போனில் நாலு வரி தட்டிவிட மனசு வரவில்லை. 31 வருஷம் வரலாறு நடத்தியவள் நான். ரஷ்யப் புரட்சிப் பாடத்தில் "வெண்படைத் தளபதி கொல்சாக் தோற்றார்" என்று ஒரே வரியில் இவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். அது இப்போது உறுத்துகிறது.

அலெக்சாந்தர் கொல்சாக் கெட்டவராக வரவில்லையம்மா. கடற்படைக்காரர், துருவ ஆராய்ச்சிக்காரர். தன் பயணக்குழுத் தலைவர் டோல் ஆர்க்டிக் தீவில் காணாமல் போனபோது, 1903-ல் திறந்த படகில் தேடிப் போனவர். வழியில் பனி உடைந்து உறைநீருக்குள் விழுந்து, கூட வந்தவர் இழுத்துப் போட்டுப் பிழைத்தார். டோல் கிடைக்கவில்லை, எழுதி வைத்த குறிப்புகள்தான் கிடைத்தன. 1917-ல் கருங்கடல் கப்பல்படைக்கே தலைவர். அதிகாரிகள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும் என்று மாலுமிகள் கேட்டபோது, வீரத்துக்குப் பரிசாக வாங்கிய வாளை அவர்கள் கையில் கொடுக்காமல் கடலில் வீசினார். அவ்வளவு ரோஷம்.

அடுத்த வருஷம் உள்நாட்டுப் போர். புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகளின் செஞ்சேனை ஒரு பக்கம், அவர்களை எதிர்த்த வெண்படை ஒரு பக்கம். போல்ஷெவிக்குகளுக்கு எதிராக சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரத்தில் ஐந்து பேர் கொண்ட ஓர் ஆட்சிக்குழு இருந்தது. சோஷலிஸ்டுகள் ஒரு பக்கம், பட்டாளத்தார் ஒரு பக்கம், ஓயாத இழுபறி. கொல்சாக் அதில் போர் மந்திரியாகச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். நவம்பர் 17 ராத்திரி கோசாக் என்ற குதிரைப்படைக் குடியினரின் அதிகாரிகள் போய் சோஷலிஸ்டுத் தலைவர்களைப் பிடித்து அடைத்தார்கள். விடிந்ததும் மந்திரிகள் கூடி கொல்சாக்கை 'உச்ச ஆட்சியாளர்' ஆக்கினார்கள். சட்டம், சேனை, கஜானா மூன்றும் ஒரே கையில். பிற்போக்குப் பாதையிலும் போகமாட்டேன், கட்சிச் சண்டையிலும் இறங்கமாட்டேன் என்று அறிக்கை விட்டார். மனசாரத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் தலைவர்களைப் பிடித்த அதிகாரிகளை ஒப்புக்கு விசாரித்து விடுதலை செய்து, பதவி உயர்வும் கொடுத்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே கதை முடிந்துவிடுகிறது.

உனக்கு நம்ம ஊர்க் கோயில் கொடைத் திருவிழா விஷயம் சொன்னதில்லை. எனக்கு ஒன்பது வயசு. இரண்டு வகையறாவுக்குள் கணக்குத் தகராறாகி மூன்று வருஷம் கொடை நின்றுபோனது. கடைசியில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த என் பெரியப்பாவிடம் சாவி, வரி நோட்டு எல்லாவற்றையும் கொடுத்து, "இனி நீங்க சொன்னதுதான்" என்றார்கள். ஊருக்கே நிம்மதி. பெரியப்பா ஒரு பைசா தொட மாட்டார், அது சத்தியம். ஆனால் வரி பிரிக்கப் போனது அவரைச் சுற்றி இருந்த இளவட்டங்கள். வரி கொடுக்க முடியாத ஒரு விதவை வீட்டில் ஆட்டுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் நான் பார்க்கும்போது கட்டுத்தறியில் கயிறு மட்டும் கிடந்தது. அந்த அம்மா அழுதுகொண்டு பெரியப்பா வாசலுக்கு வந்தாள். "ஐயா தூங்குதாக" என்று அந்தப் பையன்களே திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்பென்றால் ஒரு வகையறா அநியாயம் செய்தால் இன்னொரு வகையறாவிடம் போய்ச் சொல்லியிருப்பாள். இப்போது யாரிடம் போவாள்?

சைபீரியாவில் இதுவே ஆயிரம் மடங்காக நடந்தது. தானியமும் குதிரையும் பிடுங்கினார்கள், பிள்ளைகளைப் படைக்கு இழுத்தார்கள், வரமாட்டேன் என்றவனைச் சவுக்கால் அடித்தார்கள். ஊர்களைக் கொளுத்தினார்கள். 1918 டிசம்பரில் ஓம்ஸ்கில் ஒரு கலகம் எழுந்தபோது, சிறையிலிருந்தவர்களை அதிகாரிகள் வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள். கிழக்கே சித்தா என்ற நகரத்தில் செம்யோனவ் என்ற கோசாக் தலைவன் ஜப்பான்காரன் தயவில் தனி ராஜாங்கமே நடத்தினான். உச்ச ஆட்சியாளரால் அவனை அசைக்க முடியவில்லை. கொல்சாக்குக்கு எதுவுமே தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். கலகங்களை ஈவிரக்கமில்லாமல் அடக்கச் சொன்னவர் அவர்தான். எதிரே செஞ்சேனையும் இதே கொடுமையைச் செய்தது, அதையும் மறைக்கக் கூடாது.

1919 வசந்தத்தில் வோல்கா ஆற்றை நெருங்கிய படை, அந்த நவம்பர் 14-ல் ஓம்ஸ்கையே பறிகொடுத்தது. காட்டுக்குள் ஓடிய குடியானவர்கள் பின்னாலிருந்து அடித்தார்கள். ரஷ்யக் கஜானாவின் தங்கத்தை ரயிலில் ஏற்றிக்கொண்டு கிழக்கே கிளம்பினார். அந்தத் தண்டவாளமோ, முதல் உலகப் போரில் ரஷ்யாவோடு சேர்ந்து சண்டையிட்டு அங்கே மாட்டிக்கொண்ட செக் படையின் கையில். அவர்கள் தாங்கள் ஊர் போய்ச் சேர வழி கிடைத்தால் போதும் என்று, 1920 ஜனவரி 15-ல் நீ இருக்கிற அதே இர்குத்ஸ்கில் அவரை எதிரிகளிடம் ஒப்படைத்தார்கள். பிப்ரவரி 7 விடியலில் சுட்டு, உடலை ஆற்றுப் பனிக்கட்டியில் இருந்த துவாரத்துக்குள் தள்ளினார்கள். அவரை நேசித்த ஆன்னா திமிர்யோவா என்ற பெண், தானே கேட்டுச் சிறைக்குள் போனாள். பிறகு பல வருஷம் சிறையும் நாடுகடத்தலுமாகவே அவள் காலம் கழிந்தது.

மதுரை பஸ்ஸில் போகும்போதெல்லாம் கயத்தாறில் கட்டபொம்மன் சிலையைக் காட்டுவேனே, தூக்கில் போட்ட ஊரிலேயே நிற்கிறார் என்று. அங்கே கொன்றது அந்நியன். உன் ஊர்ச் சிலைக்காரரை அவர் நாட்டுக்காரர்களே கொன்றார்கள், அவர் பேரில் கொல்லப்பட்டவர்களும் அதே நாட்டுக்காரர்கள். அதனால் அந்தச் சிலை முன்னால் கும்பிடவும் தோன்றவில்லை, கல்லெறியவும் தோன்றவில்லை.

அடுத்த தடவை போனால் பீடத்தைக் கிட்டத்தில் படம் எடு. செம்படைக்காரன் ஒருவனும் வெண்படைக்காரன் ஒருவனும் எதிரெதிரே செதுக்கப்பட்டிருப்பார்கள். உன் படத்தில் அந்த இடம் வெட்டுப்பட்டுப் போச்சு. அவர்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்க வேண்டும்.

அந்தப் பையனுக்கு இதை வாசித்துக் காட்டு. அவன் என்ன சொன்னான் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போடி.

அன்புடன்,
அம்மா