கையைப் பார்த்து அனுப்பாதீர்கள், ஓட்டச் சொல்லிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் பிளஸ் டூ படிக்கிறான். பிறவியிலேயே இடது கையில் இரண்டு விரல் கிடையாது. பைலட் ஆக வேண்டும் என்று ஒரு பயிற்சி நிறுவனத்தில் விசாரிக்கப் போனவனை, கையைப் பார்த்ததுமே "மெடிக்கல்ல நிக்காது தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். எந்த டாக்டரும் சோதிக்கவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

பயணிகள் விமானம் ஓட்ட கிளாஸ் 1 மருத்துவச் சான்று வேண்டும், அதை யாரும் தளர்த்தச் சொல்லவில்லை. தொடுபுழா பக்கத்து சஜி தாமஸ், காது கேளாதவர், சொந்தக் கையால் ஒரு குட்டி விமானமே செய்தார், ஆனாலும் ஏர்லைன்ஸ் காக்பிட்டில் ரேடியோவில் சொல்வது காதில் விழுந்தாக வேண்டும், அது நியாயமான தடை. இரண்டு விரல் இல்லாதது அப்படியா? இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பிடிக்க முடிகிறதா, சுவிட்ச் எட்டுகிறதா என்று உட்கார வைத்துப் பார்த்தால்தானே தெரியும்.

எனக்குப் போலியோவில் வலது கால் சூம்பிவிட்டது. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கைக்கு மாற்றிய காரோடு லைசென்சுக்குப் போனபோது, இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், சட்டென்று பிரேக் போடச் சொன்னார், அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவில் விமானிக்கும் இந்த வழி உண்டு. கை கால் இழப்பு போன்ற, மேலும் மோசமாகாத குறை என்றால் அதிகாரி கூடவே பறந்து பார்த்துச் சான்று தரலாம். நம் நாடும் உறுப்பினராக உள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளிலேயே, பாதுகாப்புக்குப் பங்கம் இல்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்தால் விண்ணப்பதாரரின் திறமையையும் அனுபவத்தையும் பார்த்து விலக்குத் தர இடம் இருக்கிறது.

இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளி பயணிகள் விமானம் ஓட்டவே கூடாது என்றுதான் வெகுகாலம் இருந்தது. பிரிட்டன் 2012-லும் அமெரிக்கா 2019-லும் கதவைத் திறந்தன. சும்மா விடவில்லை, பிரிட்டனில் பறக்கும்போதே மணிக்கொரு முறையும், இறங்குவதற்கு அரை மணிக்குள் மறுபடியும் ரத்தச் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே மலையில் மோதியதில் 150 பேர் இறந்தார்கள். தன் மன நோயை அவர் நிறுவனத்திடம் மறைத்திருந்தார், லைசென்சும் வருமானமும் போய்விடும் என்ற பயமும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. குறையைச் சொன்னால் சோதித்துப் பார்க்காமலே வேலை போகும் என்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

நம் நாட்டு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. எந்தக் குறைக்கு எந்தச் சோதனை, எங்கே யாரிடம் விண்ணப்பிப்பது, மறுத்தால் மேல்முறையீடு எப்படி என்பதை மலையாளத்திலும் தமிழிலும் வெளியிடட்டும், லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே சிமுலேட்டரில் ஒரு தடவை ஓட்டிக் காட்ட வாய்ப்புத் தரட்டும். பயிற்சி நிறுவனங்கள் வரவேற்பறையிலேயே தீர்ப்புச் சொல்வதற்கும் தடை போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.